இரண்டு துளையிலும் மின்சாரம், விளக்கில் மட்டும் இல்லை!

மழை விட்ட ஒரு மாலை நேரம். அடுத்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கையில் டெஸ்டருடன் என்னைத் தேடி வந்தார்.

"சார், எங்கள் வீட்டில் ஒரு விசித்திரம். கூடத்திலும் சாப்பாட்டு அறையிலும் எல்லாம் நன்றாக எரிகின்றன. சமையலறையிலும் பின்கட்டிலும் ஒரு விளக்குகூட எரியவில்லை. சரி, அந்தப் பக்கம் கரண்ட் வரவில்லை போலும் என்று சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு துளையில் இல்லை, இரண்டு துளையிலும் எரிகிறது! வழக்கமாக ஒன்றில்தானே எரியும்? கரண்ட் இரட்டிப்பாக வந்துமா விளக்கு எரியாமல் இருக்கும்?"

நான் போய்ப் பார்த்தபோது பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேரன் சமையலறையில் ஸ்டூலின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். விளக்கு எரியவில்லை, ஆகவே கம்பியில் மின்சாரம் இல்லை என்பது அவனுடைய முடிவு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். முதல் வேலையாக அவனைக் கீழே இறக்கினேன். அடுத்து மெயின் சுவிட்சை அணைத்தேன்.

தாத்தாவின் டெஸ்டர் பொய் சொல்லவில்லை. பேரனின் விளக்கும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அந்தச் சமையலறைக் கம்பிகளில் நடந்தது என்ன? மேலே படிக்குமுன் நீங்களும் சற்று யோசித்துப் பாருங்கள். விடையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், வீட்டில் ஒரு பகுதி மட்டும் இருண்டுவிட்டால் பழுதை எந்த வரிசையில் தேடுவது என்பதைப் பார்த்துவிடலாம்.

போகும் வழியும் திரும்பும் வழியும்

'கரண்ட் வருகிறது' என்று சொல்லிச் சொல்லி, மின்சாரம் குழாய்த் தண்ணீரைப் போல ஒரு வழியாக வந்து விளக்கில் தீர்ந்துவிடும் பொருள் என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்துவிட்டது. உண்மையில் மின்னோட்டத்துக்குத் தேவை ஒரு முழுச் சுற்று. தெருமுனையில் உள்ள மின்மாற்றியிலிருந்து ஃபேஸ் கம்பி வழியாக மீட்டர், மெயின் சுவிட்சு, பியூஸ், அறைச் சுவிட்சு ஆகியவற்றைக் கடந்து அது விளக்கை அடைகிறது. விளக்கிலிருந்து நியூட்ரல் கம்பி வழியாக அதே மின்மாற்றிக்குத் திரும்புகிறது. நம் நாட்டு வீடுகளில் இவ்விரு கம்பிகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் 230 வோல்ட். இது மாறுமின்னோட்டம் ஆதலால் திசை நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. ஆனாலும் சுற்று முழுமையாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

நியூட்ரலைத் தொட்டால் ஏன் அதிர்ச்சி இல்லை? மின்மாற்றியின் அடியில் அதைப் பூமியில் புதைத்த தகட்டுடன் இணைத்திருக்கிறார்கள். நாமும் பூமியில் நிற்கிறோம். இரண்டுக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. இந்த நல்ல குணம் நியூட்ரல் கம்பிக்குப் பிறவியிலேயே வந்ததன்று. மின்மாற்றி வரை அது அறுபடாமல் போய்ச் சேர்கிற வரையில்தான் அதற்கு அந்தக் குணம்.

சுற்று எங்கே அறுந்தாலும் விளக்கு அணையும். போகிற வழியில் அறுந்தால் ஒரு விதம், திரும்புகிற வழியில் அறுந்தால் வேறு விதம். விளக்கைப் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. ஆபத்தில் மட்டும் இரண்டும் ஒன்றல்ல.

எங்கே உயிர், எங்கே இல்லை

மின்சாரம் நின்றவுடன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவது நம்மவர் வழக்கம். அதற்கு முன் கண்ணுக்கு வேலை கொடுங்கள். தெருவிளக்கு எரிகிறதா? எதிர்வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா? தெருவே இருண்டிருந்தால் உங்களுக்கு வேலை இல்லை. உங்கள் வீடு மட்டும் முழுவதும் இருண்டிருந்தால் மெயின் சுவிட்சையும் மீட்டர்ப் பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். மீட்டரும் அதற்கு முன்னுள்ள பியூஸ்களும் மின்வாரியத்தின் முத்திரைக்கு உட்பட்டவை, அங்கே கை வைக்கக் கூடாது. (கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் 'பழுதுகள்' அங்கேயே தீர்ந்துவிடும் என்பார் எனக்குத் தெரிந்த ஒயர்மேன்.) மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் சில அறைகள் மட்டும் இருண்டு, அக்கம்பக்கத்திலும் பாதி வீடுகள் இருண்டிருந்தால், ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று பொருள்.

இவை எதுவும் இல்லை, வீட்டின் ஒரு பகுதி மட்டும்தான் இருட்டு என்றால் ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, எரிகிற இடங்களுக்கு ஒரு குறியும் எரியாத இடங்களுக்கு வேறு குறியும் இடுங்கள். விளையாட்டு அல்ல, அனுபவமுள்ள ஒயர்மேன் தம் தலைக்குள் வரைவது இதைத்தான். வீட்டில் கம்பிகள் மெயின் பலகையிலிருந்து பல சுற்றுகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு சுற்றும் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, ஒரு ஜங்ஷன் பாக்ஸிலிருந்து அடுத்ததற்கு என்று தொடர்ந்து போகிறது. ஒரு சுற்று முழுவதும் இருண்டிருந்தால் அதன் பியூஸைச் சந்தேகியுங்கள். ஒரே சுற்றில் முதல் சில இடங்கள் எரிந்து, மற்றவை எரியாவிட்டால் பியூஸுக்குக் குற்றம் இல்லை. எரிகிற கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் இடையில்தான் கம்பி அறுந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் வீட்டில் இரண்டு சுற்றுகள். ஒன்று திண்ணைக்கும் கூடத்துக்கும். மற்றொன்று சாப்பாட்டு அறையில் தொடங்கிச் சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போகிறது. சாப்பாட்டு அறை எரிகிறது, சமையலறை எரியவில்லை. இடையே இருப்பது சமையலறை நிலைக்கு மேலே ஒரு ஜங்ஷன் பாக்ஸ். ஒரு திருகைக்கூடத் தொடாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

பியூஸ் சொல்லும் செய்தி

ஒரு சுற்று முழுவதும் இருண்ட வீட்டில் பியூஸ் கட்டையை எடுத்துப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். (மெயினை அணைத்துவிட்டுத்தான்.) உருகிய கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு உடனே வேறு கம்பி கட்டாதீர்கள், அது எப்படி உருகியிருக்கிறது என்று பாருங்கள். நடுவில் மட்டும் உருகி, இரு முனைகளும் அப்படியே திருகுகளில் தொங்கினால், கம்பி மெதுவாகச் சூடேறி அறுந்திருக்கிறது. சுமை மிகுந்துவிட்டது என்று பொருள். கம்பியே காணாமற் போய், பீங்கான் கட்டையில் கரியும் சிறு உலோகத் துளிகளும் தெறித்திருந்தால், மிகப் பெரிய மின்னோட்டம் ஒரு கணத்தில் பாய்ந்திருக்கிறது. எங்கோ ஃபேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொண்டுவிட்டன. முதல் வகையில் சுமையைக் குறைத்துச் சரியான கம்பி கட்டினால் போதும். இரண்டாம் வகையில் குற்றவாளியைப் பிடிக்காமல் கம்பி கட்டுவது வீண்.

சரியான கம்பி எது? 5 ஆம்பியர் பியூஸுக்கு உரிய ஈயம் பூசிய செம்புக் கம்பியின் விட்டம் 0.2 மில்லி மீட்டர். 15 ஆம்பியருக்கு 0.5 மில்லி மீட்டர். தலைமயிரைவிடச் சற்றுப் பருமனான கம்பி! அதுவும் 5 ஆம்பியரில் உடனே உருகாது. ஏறக்குறைய இருமடங்கு மின்னோட்டம் வேண்டும். இந்நிலையில் "அடிக்கடி போகிறது" என்று அலுத்துக்கொண்டு ஒயரின் நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. பியூஸ் உருக மறுத்தால் அந்த வெப்பத்தைச் சுவருக்குள் போகும் கம்பி ஏற்க வேண்டியதுதான். மாற்றுவதற்கு எளிதான இடத்தில் உருக வேண்டியது, எட்டாத இடத்தில் உருகும்.

குற்றவாளியைப் பிடிக்க ஒயர்மேன்கள் கையாளும் ஓர் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் 'சீரீஸ் லாம்ப்' என்பார்கள். பியூஸ் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் அதற்குப் பதிலாக 100 வாட் குண்டு பல்பு ஒன்றை இணைக்கிறார்கள். பிறகு அந்தச் சுற்றின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, மெயினைப் போடுகிறார்கள். கம்பிகளில் குறை இல்லாவிட்டால் பல்பு எரியாது. ஏனென்றால் சுற்று முழுமையாகவில்லை. பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்தால், அதற்கு அப்பால் எங்கோ ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டியிருக்கின்றன. பியூஸ் கம்பி வெடித்துச் சொல்லும் செய்தியைப் பல்பு நிதானமாகச் சொல்கிறது! பல்பு வழியே அரை ஆம்பியருக்கும் குறைவாகவே பாய முடியும்; எதுவும் கருகாது. இனி ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்க்கலாம். எந்தச் சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிகிறதோ அங்கே குறை. இன்று குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவிட்டது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அது ஒரு சின்ன மின்னணுச் சுற்று, வெறும் மின்தடை அன்று. ஆகவே பழைய ஒயர்மேன்கள் ஒரு குண்டு பல்பைத் துணியில் சுற்றிப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பியூஸ் கட்டைக்குப் பதில் எம்.சி.பி. உள்ள வீடுகளில் இதே செய்தியை நேரம் சொல்லும். அதனுள் இரண்டு காவலர்கள். ஒருவர் ஈருலோகப் பட்டை. மிகுசுமையில் மெதுவாகச் சூடாகி வளைந்து விசையைத் தட்டிவிடுவார். மற்றவர் மின்காந்தச் சுருள். ஒட்டுச் சுற்று ஏற்பட்டால் கணத்தில் தட்டிவிடுவார். தூக்கிவிட்டவுடனே 'டக்' என்று விழுந்தால் இரண்டாமவர் வேலை. சில நிமிடம் நின்று விழுந்தால் முதலாமவர் வேலை. விழுந்த விசை பாதியில் நிற்கலாம். முழுக்கக் கீழே தள்ளிப் பிறகு மேலே தூக்க வேண்டும். இது தெரியாமல் எம்.சி.பி.யே கெட்டுவிட்டது என்று மாற்றியவர்கள் உண்டு.

ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சாதனம் வேறு வகை. அது மின்னோட்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை. போனது அத்தனையும் திரும்பியதா என்று கணக்குப் பார்க்கிறது. வீடுகளுக்கு உரியது 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். காணாமற் போன மின்னோட்டம் ஈரச் சுவர் வழியாகவோ, ஒரு மனித உடல் வழியாகவோ பூமிக்குப் போயிருக்கலாம் அல்லவா? இது விழுந்தால் வெந்நீர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் ஆகியவற்றைச் சந்தேகித்துப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. அது ஃபேஸைத்தான் வெட்டுகிறது, நியூட்ரல் இணைந்தே இருக்கும். அந்தப் பக்கக் கசிவும் ஆர்.சி.சி.பி.யைத் தள்ளிவிடும்.

டெஸ்டருக்குத் தெரிந்தது பாதி

இனி நம் புதிருக்கு வருவோம். டெஸ்டருக்குள் ஒரு குட்டி நியான் விளக்கும் ஏறக்குறைய 10 லட்சம் ஓம் மின்தடையும் இருக்கின்றன. முனையைக் கம்பியில் வைத்துத் தலையில் விரலை வைத்தால், மின்னோட்டம் அவ்விரண்டின் வழியாகவும் உங்கள் உடல் வழியாகவும் பூமிக்குப் போகிறது. 230 வோல்ட்டை 10 லட்சம் ஓமால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர். 1 மில்லி ஆம்பியர் அளவில்தான் உடல் அதை உணரத் தொடங்கும்; ஆகவே நமக்குத் தெரிவதில்லை. நியானுக்கோ அதுவே தாராளம்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். டெஸ்டர் எரிந்தால், 'இந்த இடத்துக்கும் பூமிக்கும் இடையே அழுத்தம் இருக்கிறது' என்று மட்டுமே பொருள். திரும்பும் வழி நன்றாக இருக்கிறதா என்பதைப் பற்றி அது வாய் திறக்காது. ஏனென்றால் அது தன் திரும்பும் வழியாக உங்களையே பயன்படுத்திக்கொள்கிறது. நியூட்ரல் முழுவதும் அறுந்திருந்தாலும் ஃபேஸ் துளையில் டெஸ்டர் கம்பீரமாக எரியும்.

இரண்டாவது, டெஸ்டர் எரியாவிட்டால் 'ஆபத்து இல்லை' என்று பொருள் அன்று. பட்டப் பகலில் அந்த மங்கலான செவ்வொளி கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். உலர்ந்த மர ஸ்டூலில் ரப்பர்ச் செருப்புடன் நின்றால் ஒளி இன்னும் மங்கும். டெஸ்டரே பழுதாகியிருக்கலாம். ஆகவே உயிருள்ளது என்று தெரிந்த ஒரு சாக்கெட்டில் முதலில் டெஸ்டரைச் சோதித்துக்கொண்டு, பிறகு ஐயத்துக்குரிய இடத்தைச் சோதித்து, மீண்டும் பழைய சாக்கெட்டுக்கு வந்து டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது முறை. மூன்று முறை குனிய வேண்டும், குனியலாம்.

சரி, இரண்டாவது துளையில் ஏன் எரிந்தது? சமையலறைக்குப் போகும் நியூட்ரல் ஜங்ஷன் பாக்ஸில் அறுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். ஃபேஸ் வழக்கம்போல் வருகிறது. விளக்கு அணைந்தபோது யாரும் சுவிட்சை அணைக்கவில்லை. பின்கட்டில் ஒரு மின்விசிறியின் சுவிட்சும் போட்டபடி இருந்தது. ஃபேஸ் அந்தச் சுவிட்சு வழியாக மின்விசிறியின் சுருளுக்குள் நுழைந்து, மறுபக்கம் நியூட்ரல் கம்பிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து போக வழி இல்லை. வழி இல்லாததால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாததால் சுருளில் அழுத்தம் சிறிதும் விழவில்லை. ஆகவே 230 வோல்ட்டும் அப்படியே அறுந்த நியூட்ரலில் வந்து நிற்கிறது! அந்தக் கம்பி செல்லும் ஒவ்வொரு சாக்கெட்டின் நியூட்ரல் துளையிலும் டெஸ்டர் எரியும். ஆசிரியர் 'இரட்டிப்பு' என்று நினைத்தது ஒரே ஃபேஸ்தான். இரு துளைகளுக்கும் இடையே ஏறக்குறைய சுழி வோல்ட். விளக்கு எப்படி எரியும்?

இதை உறுதிப்படுத்தவும் எளிய வழி உண்டு. இருண்ட பகுதியின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, மறுபடி டெஸ்டர் வைத்துப் பாருங்கள். நியூட்ரல் துளையில் ஒளி போய்விடும். ஃபேஸ் துளையில் இருக்கும். ஒரே ஒரு மின்விசிறியின் சுவிட்சைப் போட்டதும் நியூட்ரலில் ஒளி திரும்ப வரும். ஆசிரியர் வீட்டில் அப்படியே நடந்தது. பேரன் நாலைந்து முறை போட்டும் அணைத்தும் பார்த்தான்.

அவன் ஏறி நின்ற ஹோல்டரை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்தச் சுவிட்சு போட்டபடி இருந்தது. ஆகவே ஹோல்டரின் ஒரு முனையில் நேரடியாக 230 வோல்ட். மறுமுனை, 'கரண்ட் இல்லாத' கறுப்புக் கம்பி; அதிலும் மின்விசிறி வழியாக வந்த 230 வோல்ட். எதைத் தொட்டாலும் ஒன்றே. இடையில் மின்விசிறி இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். 75 வாட் மின்விசிறி சுமார் மூன்றில் ஒரு ஆம்பியரைத் தன் வழியே விடக் கூடியது. மனிதனுக்குச் சில பத்து மில்லி ஆம்பியரே பிடித்த கையை விட முடியாமல் செய்துவிடும். அது நெஞ்சின் வழியே சென்றால் இதயத் துடிப்பு குலைந்துவிடும். 5 ஆம்பியர் பியூஸுக்கு இது எதுவும் தெரியவே தெரியாது.

நியூட்ரலில் தனியாகப் பியூஸ் வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. பழைய வீடுகளில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரட்டைப் பியூஸ் கட்டைகளைக் காணலாம். நியூட்ரல் பியூஸ் உருகினால் வீடு இருண்டுவிடும். கம்பிகள் எல்லாம் உயிருடன் இருக்கும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே இதைத் தடுத்திருந்தன. உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் அகற்றச் சொல்லுங்கள்.

நியூட்ரல் தெருவில் அறுந்தால்

இதன் அண்ணன் ஒருவன் உண்டு. அவன் வந்தால் விளக்கு அணையாது; அளவுக்கு மீறி எரியும்.

மின்மாற்றியிலிருந்து மூன்று ஃபேஸ்களும் ஒரு நியூட்ரலும் தெருவில் வருகின்றன. எந்த இரண்டு ஃபேஸ்களுக்கும் இடையே 400 வோல்ட். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், ஒரு ஃபேஸில் உள்ள வீடும் வேறொரு ஃபேஸில் உள்ள வீடும் தம்மை அறியாமல் தொடர் இணைப்பில் மாட்டிக்கொள்கின்றன. ஒரு கணக்குப் போடலாம். உங்கள் வீட்டில் அப்போது எரிவது ஒரு 60 வாட் குண்டு பல்பு. அதன் தடை 882 ஓம். எதிர்வீட்டில் 1000 வாட் வெந்நீர்க் கோல். அதன் தடை 53 ஓம். இரண்டும் சேர்ந்து 935 ஓம். 400 வோல்ட்டில் 0.43 ஆம்பியர் பாயும். எதிர்வீட்டுக் கோலுக்குக் கிடைப்பது வெறும் 23 வோல்ட். உங்கள் பல்புக்கு 377 வோல்ட்! குறைந்த சுமை வைத்திருப்பவருக்கு அதிக அழுத்தம் என்பது இதன் கொடுமை. ஒரே இரவில் ஒரு தெருவில் பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி புகைந்து போவது பெரும்பாலும் இப்படித்தான்.

விளக்குகள் திடீரென்று பளீரெனப் பிரகாசித்தாலோ, ஒரு வீட்டில் பிரகாசமும் அடுத்த வீட்டில் மங்கலுமாக ஏறி இறங்கினாலோ, ஆராய்ச்சி வேண்டாம். ஓடிப்போய் மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள்.

இணைப்புகள் ஏன் விட்டுப்போகின்றன

சுவருக்குள் குழாயில் கிடக்கும் செம்புக் கம்பி எளிதில் அறுவதில்லை. எலி கடித்தால் ஒழிய. அறுவதெல்லாம் இணைப்புகளில்தான். கம்பி சுமையில் சூடேறி விரிகிறது, பிறகு ஆறிச் சுருங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் இறுகிய திருகும் தளர்கிறது. தளர்ந்த இணைப்பில் தடை கூடுகிறது. 1 ஓம் தடை கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் பாயும்போது அங்கே 25 வாட் வெப்பம் பிறக்கும்; ரேடியோ பழுது பார்ப்பவரின் பற்றவைப்புக் கோலின் சூடு! அது சுவிட்சுப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பியூஸ் இதைத் தடுக்காது. 5 ஆம்பியர் என்பது அதற்கு வழக்கமான மின்னோட்டம்தானே? ஆகவே கருகிய நாற்றம், சுவிட்சுப் பலகையில் பழுப்பு நிறக் கறை, தொட்டால் இளஞ்சூடு, காதருகே வைத்தால் 'சிர்'ரென்ற ஒலி, சுவிட்சைத் தட்டினால் விளக்குச் சிமிட்டல் ஆகியவற்றுக்கு மதிப்புக் கொடுங்கள். இவை இருட்டுக்குச் சில வாரங்கள் முன்பே வரும் கடிதங்கள்.

அலுமினியக் கம்பி இன்னும் மோசம். 1960, 70களில் கட்டிய வீடுகள் பலவற்றில் செலவைக் குறைக்க அதையே இழுத்தார்கள். அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகுகிறது. அதன்மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அதைச் செம்புக் கம்பியுடன் முறுக்கி வைத்தால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரித்துப்போகிறது. போதாக்குறைக்கு நம் ஊர் எறும்புகளும் பல்லிகளும் சுவிட்சுப் பெட்டிகளில் குடித்தனம் நடத்துகின்றன.

இவற்றைத் திறந்து சரிசெய்வது பயிற்சி பெற்ற ஒயர்மேனின் வேலை. நீங்கள் துணைக்கு நின்றால் ஒன்றைக் கவனியுங்கள்: மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் தன் போக்கில் சில கம்பிகளுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அதையும் அணைத்தார்களா என்று கேளுங்கள்.

ஆசிரியர் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. அன்றிரவு இரண்டாவது சுற்றின் பியூஸ் கட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாள் காலை ஒயர்மேன் வந்து மெயினை அணைத்துவிட்டு, நிலைக்கு மேலிருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். மூன்று கறுப்புக் கம்பிகளை முறுக்கிச் சுற்றிய டேப் உருகிக் கரிக்கட்டி போல் இருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே இரண்டு செம்பு, ஒன்று அலுமினியம். அலுமினியம் வெள்ளைப் பொடியாகிவிட்டிருந்தது. அந்தத் துண்டை நீக்கிச் செம்புக் கம்பி இழுத்து, முறுக்குவதற்குப் பதில் திருகுள்ள கனெக்டர் வைத்து இணைத்தார். மெயினைப் போட்டதும் பேரன் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தான். வலது துளையில் எரிந்தது. இடது துளையில் இல்லை.

வேலை முடிந்தது என்று ஒயர்மேன் பையை எடுக்கவில்லை. மெயினை மறுபடி அணைத்துவிட்டு, கிரைண்டர் மாட்டியிருந்த சாக்கெட்டின் மூடியைக் கழற்றிக் காட்டினார். எர்த் கம்பி வராத அந்தச் சாக்கெட்டில், என்றோ யாரோ நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்திருந்தார்கள். 'நியூட்ரலும் பூமிதானே' என்ற கணக்கு. முந்தின நாள் மாலை நியூட்ரலில் 230 வோல்ட் நின்றபோது, அந்தத் துண்டுக் கம்பி வழியாகக் கிரைண்டரின் இரும்பு உடலிலும் 230 வோல்ட் நின்றிருக்கிறது. மாவு அரைக்க வேண்டியிருந்தது. கரண்ட் இல்லையே என்று ஆசிரியரின் மனைவி அதன் அருகே போகவில்லை.

ஒயர்மேன் துண்டுக் கம்பியை வெட்டி எடுத்தார். மெயின் பலகையிலிருந்து கிரைண்டர் வரை பச்சை எர்த் கம்பி இழுத்து முடிக்க அன்று மாலையாகிவிட்டது.